ஒரே கோட்டையூர், இரண்டு நீளம்

ஆத்தங்குடிக் கல் ஆர்டர்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பைதான் பிளகின், கோட்டையூரை இரண்டு ஊராகக் காட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குறியீடுகளை எண்ணும் லென் போட்டால் ஒன்று 10, மற்றது 11. ஒன்றில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோட் குறியீடு, இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனி. கோப்பைப் படித்த கையோடு பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்.எஃப்.சி கொடுத்து ஓட்டினேன். தேடும் சொல்லுக்கும் அதே. ஸ்ட்ரிப் இதற்கு ஆகாது, அது ஓரத்து இடைவெளியைத்தான் கழிக்கும்.

லேபிளில் பெயர் உடைந்தது வேறு கோளாறு. 20 பைட்டில் வெட்டியிருந்தேன். எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; ஏழாவதன் நடுவில் கத்தி விழுந்தது. குறியீட்டை எண்ணி வெட்டினாலும் புள்ளி கழன்று ‘ர்’, ‘ர’ ஆகிவிடும். தனியாக நிறுவும், வடிவம் பார்த்துத் தேடும் ரீஜெக்ஸ் தொகுதியில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டால் எழுத்தெழுத்தாகப் பிரியும். பைதானோடு வரும் அதே வகைத் தொகுதியான ஆர்.ஈ.யில் அது கிடையாது.