டிஸ்சார்ஜ் ஆக ஏன் இவ்வளவு நேரம்? ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் படிக்கத் தொடங்கும் முறை

புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 14 வருடம் வார்டு சிஸ்டராக இருந்தேன். அப்புறம் அங்கேயே, வேலைகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் தரப் பிரிவில் 9 வருடம். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலை (எம்.எச்.ஏ.) படிக்கும் பிள்ளைகளும், தர வேலை புதிதாகத் தலையில் விழுந்த நர்ஸ்களும் அடிக்கடி வந்து, "அக்கா, ப்ராஜெக்ட்டை எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கேள்வித்தாள் அச்சடிக்காதீர்கள். ஒரு நோயாளிகூடவே ஒரு நாள் முழுக்க இருங்கள்.

எந்த நோயாளி? டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர். காலை 9 மணி ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த அந்த அம்மா நைட்டியை மாற்றிப் புடவை கட்டி, தலை வாரி, வயர்கூடையில் ஃபிளாஸ்க்கையும் தட்டையும் அடுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காருவார். மதியம் 3 மணிக்கும் அங்கேயே இருப்பார். அந்தக் கட்டிலுக்கு வரவேண்டியவர் கீழே கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பார். ஒரு கட்டிலுக்காக இரண்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஓர் ஆஸ்பத்திரியின் எல்லாப் பிரிவுகளும் ஒன்றையொன்று தொடுகிற இடம் இது. அதனால்தான் இதில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் நெறிமுறைக் குழுவிடமும் கேட்க வேண்டும். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மேலிடத்துக் கடிதத்தை நீட்டிவிட்டு நின்றால் உங்களை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் என்று நினைத்து எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள், நீங்கள் பார்க்க வந்தது கண்ணில் படாது. நோயாளியிடமும் கேளுங்கள். நோட்டில் பெயர் வேண்டாம், கட்டில் எண்ணும் வேண்டாம், 1, 2, 3 போதும். கேஸ் ஷீட்டை மொபைலில் படம் எடுக்கவே கூடாது.

ஒரு நீள நோட்டு, பென்சில், கைக்கடிகாரம். பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் வேலை நடந்த நேரம், வலப்பக்கம் சும்மா கிடந்த நேரம். நான் எழுதிய ஒரு பக்கம் இப்படி இருந்தது. 9.10க்கு டாக்டர் சொன்னார். 10.05க்கு சிஸ்டர் மீதமிருந்த மருந்தை எண்ணினார்: சலைன் பாட்டில் மூன்று, ஊசி மருந்துக் குப்பி இரண்டு. 10.15க்கு ட்ரே தயார். 11.20 வரை அந்த ட்ரே மேஜையிலேயே இருந்தது. ஃபார்மசியில் 12.10க்கு ரிட்டர்ன், அதாவது திருப்பிய மருந்தின் கணக்கு, ஏறியது. அது ஏறாமல் பில்லிங்கில் கணக்கை முடிக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய டியூட்டி டாக்டர் 12.40 வரை தியேட்டரில். சம்மரி 1.05க்கு முடிந்தது, பெரிய டாக்டர் கையெழுத்து 1.50க்கு. பில் 2.10க்கு. மகன் பணம் எடுத்து வந்து கட்டி, கேட் பாஸ் கைக்கு வந்தபோது 3.05. ஏறக்குறைய ஆறு மணி நேரம். இடப்பக்கத்தைக் கூட்டினால் 70 நிமிடம்தான் வந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். மேஜையில் கிடந்த ட்ரேயைப் பார்த்ததும் முதல் அறிக்கையில் 'அட்டெண்டரின் மெத்தனம்' என்று எழுதிவிட்டேன். அவருக்கு மெமோ போனது. மறுவாரம் மனசு கேட்காமல் காலை 7 மணியிலிருந்து அவர் பின்னால் போனேன். மூன்று மாடிக்கு இரண்டு அட்டெண்டர்கள். ஒரே லிஃப்ட், அதில் ஸ்கேனுக்குப் போகிற நோயாளிக்குத்தான் முதல் உரிமை. காலை 10லிருந்து 11 வரை இருவருமே ஸ்கேன் அறைக்கு வீல்சேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து ஒரு நிமிடம்கூட அவர் உட்காரவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். அதிலிருந்து, ஒருவர் பெயரோ பதவியோ காரணமாக நோட்டில் ஏறினால், அவர் கூடவே ஒரு நாள் நடக்காமல் அதை வெளியே விடுவதில்லை. நீங்களும் இதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேரைப் பார்த்து முடித்த பிறகு புத்தகத்தைத் திறங்கள். மருத்துவத் தர ஆய்வின் முன்னோடியான அவெடிஸ் டொனபேடியன் 1966இல் எழுதிய கட்டுரையில் மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். உங்கள் நோட்டில் ஒற்றை லிஃப்ட் அமைப்பு, ரிட்டர்ன் ஏறிய பிறகே பில் என்பது செயல்முறை, 3.05 விளைவு. நடந்து பார்த்தவருக்கு இது ஒரே வாசிப்பில் பிடிபடும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தேசியத் தர உறுதித் தரநிலைகளின் சரிபார்ப்புப் பட்டியலையும் படியுங்கள். எட்டுப் பிரிவுகள் கொண்டது. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கேள்விக்கும் எப்படிச் சரிபார்ப்பது என்று போட்டிருப்பதுதான்: நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது, நோயாளியைக் கேட்பது. தனியாருக்கு, ஆஸ்பத்திரிகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் தரநிலைகள்.

ஊழியரிடம் கேட்கும்போது "வழக்கமாக எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் விதிப் புத்தகம்தான் பதிலாக வரும். "நேற்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்லிக் கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த காலை என்று சொல்லிப் பாருங்கள், அன்று டியூட்டியில் இருந்த கடலூர், புதுச்சேரி நர்ஸ் ஒவ்வொருவருக்கும் ஜெனரேட்டர் டீசல் முதல் குடிதண்ணீர் வரை யார் எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று நினைவிருக்கும். அவசர கால ஏற்பாட்டைப் படிக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

கணக்கில் ஒரு எச்சரிக்கை. ஐந்து பேர் 2, 2½, 3, 3, 9½ மணி நேரம் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4. ஆனால் 4 மணி நேரம் காத்திருந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள், 3. அந்த 9½ மணி நேரக்காரரைத் தனியாகப் பாருங்கள். அநேகமாக இன்சூரன்ஸ் அப்ரூவலுக்குக் காத்திருந்தவராக இருப்பார், அவருடைய நோய்க்கு வேறு மருந்து.

அடுத்து, மாற்றம். பெரிதாக யோசிக்க வேண்டாம். ஒரு வார்டு, ஒரு நாள், ஒப்புக்கொண்ட ஒரு சிஸ்டர். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சுழற்சியை இந்த அளவில்தான் தொடங்க வேண்டும். நாங்கள், மறுநாள் போகக்கூடியவர்களின் பட்டியலை முந்தின நாள் மாலை 5 மணிக்கே டியூட்டி டாக்டரிடம் வாங்கி, மீதி மருந்தை அன்றே ஃபார்மசிக்கு அனுப்பிப் பார்த்தோம். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆட்கள் கிளம்பினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது நாள், இரவு டியூட்டி சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், ராத்திரி ஒருத்தருக்கு வாந்தி. அவர் ஊசியை நீங்கள் சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் மருந்தை எடுத்துத்தான் போட்டேன்" என்றார். நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் மருந்து மாறிப்போகும் ஆபத்தை உண்டாக்கியிருக்கிறோம். அன்றைக்கே, ஓர் இரவுக்கு வேண்டியதை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை மட்டும் அனுப்புவது என்று திருத்தினோம். ஆகவே எதைச் சரிசெய்தாலும், அதனால் வேறு எது கெடக்கூடும் என்று ஒன்றைச் சேர்த்து அளந்துகொண்டே இருங்கள். அதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் இரவு டியூட்டிக்காரர்தான்.

நேரம் கிடைத்தால் நன்றாக நடக்கும் இடங்களையும் போய்ப் பாருங்கள். புதுச்சேரி பஸ்ஸில் போகும்போது தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வரும். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியதன் கிளை, 2003இல் வந்தது. அவர்கள் தியேட்டரில் ஒரே அறுவை மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் முடியும்போது அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார், மைக்ராஸ்கோப் அங்கே திரும்பும். மருத்துவரின் வலப்பக்கம், அதாவது சும்மா கிடந்த நேரம், எங்கே போனது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக வரைபடம். கம்ப்யூட்டர் வேண்டாம், கிராஃப் தாள் போதும். தினமும் ஒரு புள்ளி, நடுவெண்ணுக்கு ஒரு கோடு. தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் நிஜமாகவே ஏதோ மாறியிருக்கிறது. ஒன்றிரண்டு நாள் நன்றாக வந்ததற்குக் கேக் வெட்டாதீர்கள். அந்தத் தாளை டைரக்டர் அறைக்குக் கொண்டுபோவதற்கு முன் நர்ஸிங் ஸ்டேஷனில், டியூட்டி லிஸ்ட் பக்கத்தில் ஒட்டுங்கள்.

எங்கள் தாளில் இரண்டாவது வாரம் ஒரு புள்ளி மட்டும் உச்சியில் போய் நின்றது. எனக்குக் காரணம் தெரியவில்லை. மெமோ வாங்கிய அந்த அட்டெண்டர் அண்ணன்தான் ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்து, "இது செவ்வாய்க்கிழமைதானே சிஸ்டர்? அன்னிக்கு லிஃப்ட் ரிப்பேர்" என்றார். பென்சிலை அவரிடமே கொடுத்தேன். புள்ளிக்கு மேலே 'லிஃப்ட்' என்று எழுதினார்.