உடல்திறன் மிக்கவர் குத்துச்சண்டையைத் தொடங்கும் முறை

கூடைப்பந்து, ஓட்டம் போன்ற விளையாட்டுகளில் தேறிய ஒருவர் குத்துச்சண்டைக்கு வரும்போது, தம் வேகமும் வலுவும் பயிற்சி ஆண்டுகளைச் சுருக்கக்கூடுமே தவிர, அவற்றுக்கு ஈடாகமாட்டா என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டியோன்டே வைல்டர் 2005இல், ஏறத்தாழ 20 வயதில் கையுறை அணிந்து, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். ஆயினும் அவர் பெரிதும் நம்பியது தம் வலக்கைக் குத்தையே. 2020இல் டைசன் ஃபியூரியிடம் ஏழாம் சுற்றில் தோற்றபோது அக்குறை வெளிப்பட்டது.

ஆகவே தொடக்க மாதங்களைக் கால் நகர்வுக்கே ஒதுக்குங்கள். குத்திய கை உடனே தாடையருகே திரும்புகிறதா, பின்வாங்கும்போது கால்கள் குறுக்கிடுகின்றனவா என்று பயிற்சியாளரைக் கவனிக்கச் சொல்லுங்கள். இயல்பிலேயே வேகமானவர்கள் தலையைப் பின்னுக்கு இழுத்தே தப்பிவிடுவதால், இப்பிழைகள் அவர்களிடம் நெடுங்காலம் மறைந்திருந்து, களைப்பு வந்த பின்னரே தலைகாட்டும். மூச்சை அடக்காமல் குத்தப் பழகுங்கள்.

எதிராளியின் தோளசைவிலிருந்து அடுத்த குத்தைக் கணிக்கும் கண், பலவகை ஆட்களுடன் நிதானமாகச் செய்யும் ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில்தான் வளரும். வலுவைக் காட்டி அந்தச் சுற்றுகளை வெல்ல முயலாதீர்கள். அது கற்கும் வாய்ப்பையும், உடன் பயில்பவரின் மூளை நலத்தையும் கெடுக்கும். பல்காப்பு அணியாமல் வளையத்தில் ஏறவே வேண்டாம்.