புதிய ஜி.இ.டி. வாசிப்புத் தேர்வு: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வு 2014-இல் திருத்தி அமைக்கப்பட்டது. தனித்தனியாக இருந்த வாசிப்பும் எழுத்தும் 150 நிமிடத் தாள் ஒன்றில் சேர்ந்தன. தாள் மாறியும் பாடம் மாறாவிட்டால் இழப்பு மாணவர்களுக்குத்தான்.

கதையும் கவிதையுமாகவே வகுப்பை நடத்துவது முதல் தவறு. முந்தைய தேர்வில் முக்கால் பங்கு இலக்கியம், கால் பங்கு தகவல் கட்டுரைகள். இப்போது அது தலைகீழ். அறிவியல், சமூகவியல், பணியிட ஆவணங்கள் என்று வாசிக்கப் பழக்குங்கள். கதைகளைக் கைவிட வேண்டியதில்லை, நேரத்தில் கால் பங்கு போதும்.

ஆகப் பெரிய தவறு 45 நிமிடக் கட்டுரையில் நடக்கிறது. பழைய தேர்வு சொந்த அனுபவத்திலிருந்து எழுதச் சொன்னது. புதிய தேர்வு எதிரெதிரான வாதங்களைக் கொடுத்து, எதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்று கேட்கிறது. நாமோ பழக்கத்தில் "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றே தொடங்குகிறோம். உழைத்துக் குடும்பம் நடத்துபவருக்குச் சம்பளத்தைப் பற்றி உறுதியான கருத்து இருக்கும். குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தலாமா என்று இரண்டு கட்டுரைகள் வந்தால், உயர்த்த வேண்டும் என்று மனதைத் தொடும்படி எழுதிவிடுவார். ஆனால் எதிர்ப்பவரின் கட்டுரையில்தான் புள்ளிவிவரமும் சான்றும் இருக்கின்றன என்றால், அதைத்தான் அவர் சொல்ல வேண்டும். அவர் கருத்தை மதியுங்கள், கூடவே "எழுதியவர் இதை எதைக் காட்டி நிறுவுகிறார்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பழகிவிட்டால் கட்டுரையின் பாதி வேலை முடிந்தது.

மாணவர் திணறும்போது இரக்கப்பட்டு நாமே சாரத்தைச் சொல்லிவிடுவதும் கெடுதல்தான். தேர்வில் வரும் பகுதிகள் 400 முதல் 900 சொற்கள் வரை நீளும், அங்கே அவர் தனியாகத்தான் படிக்க வேண்டும். முதல் வாசிப்பில் எல்லாம் புரியாவிட்டால் பரவாயில்லை. பேசாமல் காத்திருங்கள், இரண்டாம் முறை படிக்கட்டும்.

கணினிப் பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டும்; எழுத்துகளைத் தேடுவதிலேயே 45 நிமிடம் கரைந்துவிடும். முதல் வாரத்திலேயே விசைப்பலகையைக் கொடுத்துவிடுங்கள்.

மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக வைப்பதைவிட, ஒன்றை வைத்துவிட்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் விடை எந்த வரியில் இருக்கிறது என்று மாணவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரியாக எழுதியவற்றுக்கும் அப்படியே கேளுங்கள், ஊகித்து எழுதியது எது என்று அப்போதுதான் தெரியும்.