விளாம்பழத்தை வடிகட்டாமல் உண்ணும் முறை

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள், வேலூர் லாங்கு பஜாரில் எருக்கம்பூ மாலைக்கும் களிமண் பிள்ளையாருக்கும் நடுவே கூறு கட்டி விற்கப்படும் விளாம்பழம், பூசை முடிந்தபின் பல வீடுகளில் ஓட்டோடு ஒரு மூலையில் கிடந்து காய்ந்துபோகிறது. ஆர்க்காட்டுக்கு அருகில் விளாப்பாக்கம் என்று பெயரிலேயே விளாவைத் தாங்கிய ஊர் இருக்கும் பகுதியில் இப்படி நடப்பது எனக்குச் சற்று வருத்தமே. ஓட்டை உடைப்பதற்கு உள்ள சோம்பல்தான் இதற்குப் பெரும் காரணம் என்று நினைக்கிறேன்.

பழத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, பருமனுக்கேற்ற கனம் இருப்பதையே எடுக்க வேண்டும். அளவுக்கு மீறி இலேசாக இருந்தால் உள்ளே சதை வற்றியிருக்கும். ‘வேழம் உண்ட விளங்கனி’ என்பது அதுதான். யானை முழுதாக விழுங்கிய பழம் ஓடு உடையாமல் வெளியே வரும் என்று கதை சொல்வார்கள். வேழம் என்பது பழத்துக்கு வரும் நோயின் பெயர் என்போரும் உண்டு. சென்ற ஆண்டு நான் அவசரத்தில் வாங்கிய நான்கில் இரண்டு அப்படித்தான் இருந்தன. முதிர்ச்சியை அறிய, ஓர் அடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள்: காய் துள்ளும், முதிர்ந்தது துள்ளாமல் அப்படியே அமரும். முதிர்ந்தும் மணம் வராத பழத்தைச் சில நாள் வெயிலில் வைத்தால் கனிந்துவிடும். அம்மிக் குழவியால் நடுவில் இரண்டு தட்டுத் தட்டினால் ஓடு பிளந்து, புளித்த வெல்லம் போன்ற மணத்துடன், விதைகள் மொய்த்த பழுப்பு நிறச் சதை தெரியும்.

அந்த விதைகளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் விளாம்பழத்தில் ஏறத்தாழ 7 கிராம் புரதம், 3.7 கிராம் கொழுப்பு, 5 கிராம் நார்ச்சத்து, 130 மில்லிகிராம் கால்சியம் ஆகியவை உள்ளன. பழங்களில் இவ்வளவு புரதம் காண்பது அரிது. ஆனால் அந்தப் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் விதையில் இருப்பதால், சதையைக் கரைத்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்துச் சர்பத் செய்பவர்கள் சத்தைச் சல்லடையில் விட்டுவிட்டு இனிப்பை மட்டும் குடிக்கிறார்கள். புளிப்பாக இருப்பதால் வைட்டமின் சி நிறைந்திருக்கும் என்று நம்புவதும் தவறு. அதே அட்டவணையில் அது 3 மில்லிகிராம்தான், பக்கத்தில் கூட வராத அளவுக்கு நெல்லிக்காய் முன்னே நிற்கிறது.

ஆகவே என் முதல் பரிந்துரை துவையல். இதற்கு முழுதாகக் கனியாத, செங்காய்ப் பருவத்துப் பழமே ஏற்றது. ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும் நான்கு காய்ந்த மிளகாயையும் சிறிது பெருங்காயத்தையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து ஆறவைத்து, ஒரு பழத்தின் சதையை விதையோடு சேர்த்து, உப்பும் பாக்கு அளவு வெல்லமும் இட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். புளி வேண்டியதில்லை. மிக்ஸியில் ஒரே ஓட்டமாக ஓடவிடாமல் விட்டு விட்டு அரைத்தால் விதை அரைபட்டும் படாமலும் நின்று, வாயில் எள்ளைப் போல நொறுங்கும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களிக்கு இதைத் தொட்டுக்கொள்வதைவிடப் பொருத்தமான சேர்க்கை எனக்குத் தெரியாது. கேழ்வரகே 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் கொண்டது.

நன்கு கனிந்த பழமாக இருந்தால் அடுப்பே வேண்டாம். சதையை விதையோடு மசித்து, பொடித்த வெல்லம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்தால் பச்சடி ஆயிற்று. அரை மணி நேரம் ஊறினால் வெல்லம் இளகிச் சதையின் துவர்ப்பை அடக்கும். பித்தம் தணியும் என்று பெரியவர்கள் இதைத்தான் கொடுப்பார்கள். அதை மருந்தாகக் கருதி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பழம் மிகுதியாகக் கிடைத்தால் ஜாம் செய்யலாம். சதையில் பெக்டின் என்னும் இறுக்கும் பொருள் நிறைந்திருப்பதால், சர்க்கரையைத் தவிர வேறு எதுவும் சேர்க்காமலே இறுகும். ஆனால் அதில் சர்க்கரைதான் பாதி. நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தொடாமல், வெல்லத்தையும் தவிர்த்த துவையலை இரண்டு கரண்டி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். துவர்ப்பு மிகுந்த காயை நிறைய உண்டால் மலச்சிக்கல் ஏற்படக்கூடும் என்பதால், குழந்தைகளுக்குக் கனிந்ததை மட்டுமே கொடுங்கள். அவர்களுக்கு விதையையும் நன்றாக அரைத்துவிடுவது நல்லது.