தேயிலைத்தூள் கடைக்கு இணையத்தளம்: உள்ளே என்ன எழுதுவது?

பண்டாரவளையிலும் ஹட்டனிலும் தேயிலைத்தூள் விற்கும் சிறு கடைக்காரர்கள் இப்போது இணையத்தளம் திறக்கிறார்கள். தளத்தை அமைத்துத்தர ஆள் கிடைத்துவிடுகிறார். எழுத உட்கார்ந்ததும் "உயர்தரமான சிலோன் தேயிலை, நியாய விலை, நம்பிக்கையான சேவை" என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். பக்கத்துக் கடைப் பெயரை மாட்டினாலும் இந்த வரி அப்படியே பொருந்தும். மலையகத் தேயிலையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கும்போது, அதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது.

படி 1: கேள்விகளைச் சேருங்கள்

கடையில் ஒரு கொப்பி வையுங்கள். வாடிக்கையாளர் கேட்பதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். "பால் டீக்கு எந்தத் தூள் நல்லம்?" "கொழும்புக்கு அனுப்புவீங்களா?" "திறந்த பைக்கட்ட எத்தனை நாள் வைக்கலாம்?" வாட்ஸ்அப்பில் வந்த பழைய கேள்விகளையும் சேருங்கள். கூகுளில் "ஊவா தேயிலை" என்று தட்டினால் கீழே வரும் பரிந்துரைகளும் உதவும்.

படி 2: ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்

அடிக்கடி வரும் கேள்வியில் தொடங்குங்கள். தலைப்பில் கேள்வி, முதல் இரண்டு வரிக்குள் விடை, அதன் பிறகு விளக்கம். போனில் வாசிப்பவர் விடையைத் தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

படி 3: விவரத்தோடு எழுதுங்கள்

கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பி.ஓ.பி.எஃப்., ஓ.பி. என்பவை இலையின் அளவை வைத்துத் தேயிலைக்குச் சொல்லும் தரப் பெயர்கள். "எங்கள் பி.ஓ.பி.எஃப். மணமும் சுவையும் நிறைந்தது" என்பதை இப்படி மாற்றலாம்:

"பால் டீக்கு பி.ஓ.பி.எஃப். எடுங்கள். சிறு துகள் என்பதால் சாயம் சீக்கிரம் இறங்கும், பால் ஊற்றினாலும் கடுப்புக் குறையாது. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, கொதிநீர் ஊற்றி, 3 நிமிடம் மூடி வையுங்கள். ப்ளேன்டீ மட்டும் குடிப்பவர் ஓ.பி. வாங்கலாம். அது நீள இலை. சாயம் மெல்லியதாக இருக்கும்."

அடுத்து, தூள் எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலை ஊவா வகை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில்தான் அதன் தனி வாசம் கூடுகிறது. ஹட்டன், தலவாக்கலைத் தேயிலை திம்புளை வகை. அதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. உங்கள் தூள் திம்புளை என்றால் திம்புளை என்றே எழுதுங்கள். ஊவா என்ற பெயருக்கு ஆசைப்பட்டு மாற்றி எழுதினால், தேயிலை தெரிந்தவர் முதல் கோப்பையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய கதை எல்லாத் தளங்களிலும் இருக்கிறது. முகப்பில் அது வேண்டாம். இந்த மாதம் எந்தத் தோட்டத்துத் தூள் வந்திருக்கிறது என்ற செய்திக்கே அங்கே இடம் கொடுங்கள்.

படி 4: படங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் தூளைப் பரப்பிப் போனிலேயே எடுக்கலாம். ஏற்றுவதற்கு முன் அளவைக் குறையுங்கள். சிக்னல் குறைந்த இடங்களில் பெரிய படம் திறக்காது. கொழுந்து பறிக்கும் அக்காமாரின் படத்தைப் போடுவதென்றால் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே போடுங்கள். அவர்கள் உழைப்பில் நடக்கும் வியாபாரம் இது. யாரோ எடுத்த படத்தை இணையத்தில் இருந்து இறக்கிப் போடுவது சரியே இல்லை.

படி 5: மொழி, விலை

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், அந்த மொழி பேசும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். விலையோடு அதை மாற்றிய திகதியையும் போடுங்கள்.

படி 6: பலனைப் பாருங்கள்

கூகுள் சேர்ச் கொன்சோல் இலவசம். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்று அதில் தெரியும். பலருக்குக் காட்டப்பட்டும் யாரும் திறக்கவில்லை என்றால் முதலில் தலைப்பை மாற்றிப் பாருங்கள். கூகுள் அதைக் கவனிக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டாம்.