மோட்டார்சைக்கிள் விபத்தில் உங்கள் பக்கமும் தவறு இருந்தால்

"என் மேலும் தப்பு இருக்கிறது, கேஸ் நிற்காது." சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளில் அடிபட்டவர்கள் இப்படிச் சொல்லி, கேட்க வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மனம் பொறுக்கவில்லை. இங்கே தவறு முழுவதும் ஒருவர் தலையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. நீதிமன்றம் அதை விழுக்காட்டில் பங்கிடும்.

சந்திப்பில் உங்களுக்குப் பச்சை விளக்கு. எதிரே வந்த கார் வலப்பக்கம் திரும்பி உங்கள் மீது மோதுகிறது. ஆனால் நீங்களும் வேகமாக வந்தீர்கள். உங்கள் பங்கு 30 விழுக்காடு என்று முடிவானால், 40,000 வெள்ளி இழப்பீட்டில் 28,000 வெள்ளி உங்களுக்குக் கிடைக்கும். கார்க்காரருக்கு ஏற்பட்ட சேதத்தில் 30 விழுக்காட்டை உங்கள் பக்கம் ஏற்க வேண்டியிருக்கும்.

பச்சை விளக்கு இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நடப்பவர்களுக்கான பச்சை மனிதர் விளக்கு எரியும்போது சாலையைக் கடந்தவரை டாக்சி மோதிய வழக்கில், வரும் வாகனங்களைக் கவனிக்கவில்லை என்று அவர் மீதே 15 விழுக்காட்டைச் சுமத்தியது மேல்முறையீட்டு நீதிமன்றம். அது 2016இல். தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் ஓட்டினால், அதைக் காட்டியும் எதிர்த்தரப்பு உங்கள் தொகையைக் குறைக்கப் பார்க்கும்.

ஆகவே சாலையோரத்தில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் முக்கியம். பதற்றத்தில் "சாரி, என் தப்புதான்" என்று சொல்லிவிடாதீர்கள். வாகனங்களை நகர்த்துவதற்கு முன்பு சாலைக் கோடுகளும் விளக்கும் தெரியும்படி படம் எடுங்கள். பின்னால் வந்த காரில் கேமரா இருந்தால் ஓட்டுநரின் எண்ணை உடனே வாங்குங்கள். புதிய பதிவு பழையதை அழித்துவிடும். காப்புறுதி நிறுவனத்திடம் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காயம் பட்டிருந்தால் போலீசிலும் புகார் கொடுங்கள்.

பின்னால் உட்கார்ந்து வந்தவர் மீது பொதுவாகத் தவறு இருக்காது. வண்டியை ஓட்டிய நண்பன் மேல் எப்படி வழக்குப் போடுவது என்று தயங்குவார்கள். பெரும்பாலும் பணம் தருவது நண்பனல்ல, அவனுடைய காப்புறுதி நிறுவனம்.

வேலை நிமித்தமாக ஓட்டும்போது அடிபட்டால் இன்னொரு வழி உண்டு: வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். அதில் யார் மீது தவறு என்ற கேள்வியே எழாது. ஓராண்டுக்குள் கோர வேண்டும். ஆனால் இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. உங்கள் பங்கு பெரிதாக இருக்கும் என்று தோன்றினால் இந்த வழியே நல்லது என்பது என் கருத்து.

வழக்குத் தொடுக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு. எலும்பு கூடி, மருத்துவர் இறுதி அறிக்கை தரும்வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்திடாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு தனக்கு என்று விபத்து வழக்கில் கேட்க இங்குள்ள வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. அப்படிப் பேசிக்கொண்டு மருத்துவமனைக்கே வரும் தரகரிடம் எந்த ஆவணத்தையும் கொடுக்காதீர்கள்.