விட்டுப்போன உடற்பயிற்சியை மறுபடி பிடிப்பது எப்படி?

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பயிற்சி இரண்டு நாள் தவறும். அது இரண்டு வாரமாகும். அப்புறம் ஷூவைப் பார்த்தாலே எரிச்சல்தான் வரும். சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்வதில் பயனில்லை. திரும்ப வருபவர்களில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள்.

பயிற்சியை நிறுத்தினால் மூச்சுத் தெம்பு இரண்டு வாரத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். தசை வலு மூன்று, நான்கு வாரம் வரை பெரிதாகக் குறையாது. அதனால் முதல் நாள் பழைய எடையைத் தூக்க முடிந்துவிடும். ஆனால் பழக்கம் விட்டுப்போன தசையின் வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். மறுநாள் படி இறங்கும்போது தொடை கதறும். மூன்றாம் நாள் யார் போவார்கள்?

படி 1: ஏன் விட்டது என்று பாருங்கள்

அலுத்துப்போனதா, நேரம் கிடைக்கவில்லையா, வலித்ததா? அலுப்பென்றால் பயிற்சியை மாற்றுங்கள். நேரமில்லையென்றால் அளவைக் குறையுங்கள். வலியென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பயிற்சி மட்டுமல்ல, பிடித்த எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு இந்தக் குறிப்புகள் போதாது.

படி 2: முதல் இரண்டு வாரம் பத்தே நிமிடம்

வாரத்தில் நான்கு நாள் போதும். நின்ற இடத்திலேயே 3 நிமிடம் நடை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 8 தடவை. ஒரு நிமிடம் ஓய்வு, இன்னொரு சுற்று. மிச்ச நேரம் மெதுவான நடை.

உட்கார்ந்து எழுவதில்தான் கவனம் வேண்டும். நாற்காலி நகராமல் இருக்கச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறங்கி, இருக்கை பட்டதும் எழுங்கள். கடைசியில் தொப்பென்று விழுகிறீர்களா? அந்த உயரத்துக்குக் கீழே தொடை இன்னும் தாங்கவில்லை என்று அர்த்தம். இருக்கையில் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், ஒரு வாரம் கழித்து எடுத்துவிடலாம்.

பத்து நிமிடம் முடிந்ததும் "இன்னும் கொஞ்சம் செய்யலாமே" என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த ஆசை மிச்சம் இருந்தால்தான் அடுத்த தடவை கால் தானாக வரும்.

படி 3: நேரத்தை அல்ல, ஒரு வேலையைப் பிடியுங்கள்

"காலை 6 மணிக்கு" என்று வைத்தால் 6.10 ஆனதுமே அன்றைய கணக்கு முடிந்துவிடும். "பல் துலக்கியதும்" என்று வையுங்கள். இரவே உடையை எடுத்து வைத்து, ஷூ லேஸையும் தளர்த்தி விடுங்கள். அற்ப விஷயம்தான், ஆனால் தூக்கக் கலக்கத்தில் முடிச்சோடு மல்லுக்கட்டும் அரை நிமிடத்திலேயே மனம் மாறிவிடும்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நல்ல செய்தியும் அதிலேயே உண்டு: ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டால் விட்டதுதான், ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

படி 4: ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்

மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டலாம். நேரத்தைக் கூட்டும் வாரத்தில் எடையையோ வேகத்தையோ தொடாதீர்கள். தசை சீக்கிரம் தேறும், அதை எலும்போடு இணைக்கும் தசைநார்கள் மெதுவாகத்தான் தேறும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. அதை எட்டச் சில மாதங்கள் ஆகட்டும்.

முதல் மாதம் எடை பார்க்கும் மெஷின் பக்கம் போகாதீர்கள். புதிதாக உழைத்த தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எடை சற்று ஏறியும் காட்டலாம். அந்த ஒரு எண்ணைப் பார்த்தே விட்டுவிடுபவர்கள் உண்டு.

நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி, உதவி தேடுங்கள். கடுமையான தசை வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.